தவிலும் தவுலவும்: ஒரு முழவுப் பெயரின் வரலாறு

இசைக்கருவி ஒவ்வொன்றுக்கும் வரலாறு இரண்டு உண்டு. மரமும் தோலும் நரம்பும் கொண்டு அது உருவாகிய வரலாறு ஒன்று. மக்கள் நாவில் அதன் பெயர் வழங்கிய வரலாறு மற்றொன்று. இவ்விரண்டும் எப்பொழுதும் ஒரே வழியிற் செல்வதில்லை. கருவி ஓரிடத்திற் பிறந்திருக்க, பெயர் வேறோரிடத்திலிருந்து வந்து அதனைச் சேர்வதுண்டு. பெயர் மாறிய பின்னும் கருவி நிலைப்பதுண்டு. ஒரு மொழியில் வழக்கிழந்த பெயர் அயல்மொழியில் உயிர்வாழ்வதும் உண்டு. இதனை மறந்து, பெயர் எம்மொழிக்குரியதோ கருவியும் அம்மொழியினர்க்கே உரியது எனக் கொள்வோர் இரண்டு வரலாறுகளையும் ஒருங்கே பிழைபட உணர்கின்றனர். தமிழர் தவில் என்றும் சிங்களவர் தவுல என்றும் வழங்கும் இரு முழவுகளின் பெயர்களை ஆராயுமிடத்து இவ்வுண்மை தெளிவாகும்.

இவ்வாராய்ச்சிக்குக் கொழும்பு மாநகர் மிகப் பொருத்தமானதொரு களமாகும். வடகொழும்பிலே கொட்டாஞ்சேனைப் பகுதியில் 1857 ஆம் ஆண்டு பொன்னம்பல முதலியாரால் நிறுவப்பட்டு, 1907 இற்கும் 1912 இற்கும் இடையில் அவர் மைந்தர் சேர். பொன்னம்பலம் இராமநாதனாற் கருங்கற்றளியாகப் புதுப்பிக்கப்பட்ட பொன்னம்பலவாணேசர் கோயில் உள்ளது. அங்கே பூசைக் காலங்களில் நாதசுரத்தோடு தவில் முழங்கும். அதே கொட்டாஞ்சேனையில் அமைந்த தீபதுத்தாராமய விகாரையில் ஹேவிசி எனப்படும் வழிபாட்டு வாத்தியம் ஒலிக்கும். தவுல, தம்மெட்டம என்னும் தோற்கருவிகளும் ஹொரணாவ என்னும் துளைக்கருவியும் சேர்ந்ததே ஹேவிசி. இவ்விரண்டிற்கும் அண்மையிற் புனித லூசியா பேராலயத்தின் மணி ஒலிக்கும். தெற்கே வெள்ளவத்தைக்குச் சென்றால், ஆடி மாதத்தில் செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியாக வரும் வேல்விழாவின் மேளமும், திருமண மண்டபங்களின் கெட்டிமேளமும், விகாரைகளின் ஹேவிசியும் ஒன்றன் ஒலி மற்றொன்றிற் கலக்குமாறு கேட்கும். ஒரே தெருவிற் செல்வோன் தவில் என்னும் சொல்லையும் தவுல என்னும் சொல்லையும் ஒரே நாளிற் கேட்கலாம். கேட்டும், இவற்றிடையே உள்ள உறவு யாது என வினவுவோர் சிலரே.

கருவியும் பெயரும்

முதலிற் கருவிகளின் அமைப்பை நோக்குவோம். தவில் பலா மரத்தைக் குடைந்து செய்யப்படுவது. நடுவிற் பருத்து இருபுறமும் ஒடுங்கியது. வலந்தலையை விரல்களாலும், தொப்பி எனப்படும் இடந்தலையைக் கழியாலும் வாசிப்பர். வலக்கை விரல்களுக்குக் கூடு அணிவது வழக்கம். ஆதலின் தவிலொலி கூர்மையும் வன்மையும் பெற்றுத் திறந்த வெளியிலும் நெடுந்தூரம் செல்லும். சிங்களவரின் தவுல உருளை வடிவினது. அதன் ஒரு முகத்தைக் கழியாலும் மற்றொரு முகத்தை வெறுங்கையாலும் வாசிப்பர். விகாரைகளில் மட்டுமன்றி, சப்பிரகமுவ ஆடல்மரபிலும் அதுவே தலைமை முழவாகும். உருவில் வேற்றுமை உண்டாயினும் ஒரு கை கழியும் ஒரு கை விரலுமாக வாசிக்கும் முறையில் தவிலும் தவுலவும் ஒத்தன.

துருக்கியரின் முழவு ஒன்று டவுல் எனப்படும். பெயரளவில் இது தமிழ்த் தவிலுக்கும் சிங்களத் தவுலவுக்கும் உடன்பிறந்தது போலத் தோன்றுகின்றது. ஆயின் அதன் இருமுகங்களும் கோல்களாலேயே வாசிக்கப்படும்; ஒன்று தடித்த கோல், மற்றொன்று மெல்லிய குச்சி. பெயர் நெருங்கி நிற்க, வாசிப்புமுறை விலகி நிற்கின்றது. மறுதலையாக, தமிழர் தவில் என வழங்கும் அதே கருவியை ஆந்திர நாட்டார் டோலு என்பர். அங்கே கருவி ஒன்றாயிருக்கப் பெயர் வேறாகின்றது. யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலோ தவிலுக்கு மேளம் என்பதே பெயர். மேளம் என்பது கூட்டம், சேர்க்கை எனப் பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்தது. நாதசுரமும் தவிலும் தாளமும் ஒத்தும் கூடிய குழுவுக்குரிய பெயர், அக்குழுவின் முழவுக்கே ஆகிவந்தது. இணுவிலிற் பிறந்து தமிழகத்தையும் தன் வாசிப்பால் வியக்கவைத்த தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933–1975) ஏடுகளில் தவில் வித்துவான் எனப்படுவார். ஊரார் வாயில் அவர் தொழில் மேளம் அடித்தலேயாம். ஆகவே ஒரே கருவி ஒரே ஊரிலேயே ஏட்டு வழக்கில் ஒரு பெயரும் நாட்டு வழக்கில் மற்றொரு பெயரும் பெற்றிருத்தல் காண்க.

பழைய பட்டியல்களும் தவிலும்

பழந்தமிழ் நூல்கள் தோற்கருவிகளுக்கு வழங்கும் பெயர்கள் பல. பறை, முரசு, முழவு, தண்ணுமை, துடி, தடாரி, கிணை, பதலை, ஆகுளி, எல்லரி என அவை விரியும். சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் பேரிகை முதலாகப் பெரும்பறை ஈறாக முப்பதுக்கு மேற்பட்ட தோற்கருவிகளின் பெயர்களைத் தொகுத்துரைத்தார். மத்தளம், உடுக்கை, திமிலை, கரடிகை, குடமுழா ஆகியன அவற்றுட் சில. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் கோயில் வாத்தியம் முழக்குவோர் உவச்சர் எனப்பட்டனர். அவர்தம் கருவிகளாகத் திமிலை, கரடிகை, சேகண்டிகை, காளம் முதலியன பேசப்படும். இன்று கோயில் வாத்தியத்தின் தலையாய முழவாகிய தவிலின் பெயர் உரையாசிரியர் தொகுத்த அப்பட்டியலில் இடம்பெறவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இதனைக் கொண்டு தவில் போன்ற கருவியே பழந்தமிழரிடம் இருந்ததில்லை என முடிவு கட்டுதல் பொருந்தாது. நடுப் பருத்த இருமுக முழவு தென்னாட்டிலும் ஈழத்திலும் மிகத் தொன்மையானது. ஈழத்தில் 13 ஆம் நூற்றாண்டின் தலைநகராகிய யாப்பகூவையின் கற்சிற்பங்களில் ஆடுவோரும் முழவு வாசிப்போரும் நிரையாகச் செதுக்கப்பட்டுள்ளனர். அவர்தம் தோளில் தொங்கும் முழவுகளை அக்காலத்தார் எப்பெயரால் அழைத்திருப்பினும், கருவி மரபு அங்கே கண்கூடாக நிற்கின்றது. ஆகவே பட்டியலில் இல்லாதது தவில் என்னும் பெயரேயன்றிக் கருவியின் இனமன்று. பெயர் பிற்காலத்தது, கருவியின் மூதாதையரோ முற்காலத்தவர். இவ்வேறுபாடு இக்கட்டுரையின் எஞ்சிய பகுதிக்கு அடிப்படையாகும்.

பெயரின் சுற்றம்

தவில் என்பதற்குத் தவுல் என்னும் வடிவமும் தமிழில் உண்டு. இவ்வடிவத்தோடு ஒப்பிடத்தக்க சொற்கள் மேற்காசியாவிற் பரந்து கிடக்கின்றன. அரபியில் முழவுக்குப் பொதுப்பெயர் தப்ல். துருக்கி மொழியில் அது டவுல் என ஆயிற்று. பகரம் வகரமாகத் திரிந்தமையே இருவடிவங்களுக்கும் இடையிலுள்ள முதன்மையான வேற்றுமை. துருக்கியரிடமிருந்து கிரேக்கர் டவுலி என்னும் சொல்லைப் பெற்றனர். அரபுச் சொல் மேற்கே ஸ்பானிய நாட்டை அடைந்து, தன் சுட்டிடைச்சொல்லோடு சேர்ந்து அத்தபால் என வழங்கிற்று. கிழக்கே வட இந்தியாவில் அதே சொல் தபலா என்னும் இணை முழவுகளின் பெயராயிற்று. மலாய் மொழியில் தபல் என்னும் சொல் அரசனை முடிசூட்டுதல் என்னும் பொருளைப் பெற்றது. முடிசூட்டு விழாவில் அரச முரசு முழங்குதலே அதற்குக் காரணம். முரசு அரசுரிமைக்கு அடையாளமாதல் பழந்தமிழர்க்கும் உடன்பாடாதலின் இப்பொருட்பேறு நமக்கு வியப்பளிப்பதன்று.

பாரசீகத்தில் துஹுல் என்னும் சொல்லும், இந்தியிலும் பஞ்சாபியிலும் டோல் என்னும் சொல்லும் வழங்குகின்றன. ஆந்திரரின் டோலுவும் கன்னடரின் டொள்ளுவும் இக்கிளையைச் சேர்ந்தவை. எனவே தென்னாட்டில் ஒரே வகை முழவுக்கு இருவேறு பெயர்க்கிளைகள் வந்து சேர்ந்துள்ளன. டோல் என்னும் கிளையைத் தெலுங்கும் கன்னடமும் கைக்கொள்ள, தவுல் என்னும் கிளையைத் தமிழும் சிங்களமும் கைக்கொண்டன. துருக்கியில் டவுலும் சூர்னாவும், வட இந்தியாவில் டோலும் செனாயும், தமிழகத்தில் தவிலும் நாதசுரமும், ஈழத்து விகாரைகளில் தவுலவும் ஹொரணாவவும் எனத் தோற்கருவியும் சீவாளிக் குழலும் எங்கும் இணைபிரியாது செல்லுதலும் கருதத்தக்கது. அரண்மனை வாயிலிலும் ஊர்வலத்திலும் படைமுகத்திலும் முழங்கிய வாத்தியக் குழு என்னும் அமைப்பே நாடு நாடாகச் சென்றது. அதனோடு பெயர்களும் சென்றன எனக் கொள்ளுதல் சாலப் பொருந்தும். பழைய பட்டியலில் தவில் இன்மையும், தவுல் என்னும் வடிவம் டவுல் என்பதனோடு ஒத்தலும் சேர்ந்து, பெயர் இடைக்காலத்தில் இவ்வழியே தமிழை அடைந்தது என்னும் கருத்துக்கு வலுவூட்டுகின்றன.

ஆயினும் இங்கே எச்சரிக்கை ஒன்று வேண்டும். முழவுப் பெயர்களிற் பல ஒலிக்குறிப்பிற் பிறந்தவை. தமிழில் துடி, தப்பு, தமுக்கு, தம்பட்டம்; வடமொழியில் துந்துபி; அரபியில் தஃப்; எபிரேயத்தில் தோப். தோலை அடித்தால் எழும் ஒலி எந்நாட்டிலும் ஒன்றேயாதலின் தகர டகரங்களும் பகர மகரங்களும் இப்பெயர்களில் மீண்டும் மீண்டும் வருதல் இயல்பு. தப்பும் தஃபும் ஒத்தன என்பதனால் ஒன்று மற்றொன்றன் வழித்தோன்றல் என்று கூறிவிட முடியாது. அவ்வாறே டோல் என்பதனைத் தமிழ்த் தோல் என்பதன் திரிபாகக் காட்டுவோரும் உளர். பொருள் பொருந்துவது போலத் தோன்றினும் ஒலியொற்றுமை ஒன்றே சான்றாகாது. ஒலியும் பொருளும் காலமும் வழியும் ஆகிய நான்கும் ஒத்தாலன்றிச் சொல்லுறவு நிறுவப்படாது. தவில் – டவுல் ஒப்பீட்டில் ஒலி ஒத்தது, பொருள் ஒத்தது, காலம் முரண்படவில்லை, வழியும் புலனாகின்றது. அதனாலேயே அது தப்பு – தஃப் ஒப்பீட்டினும் வலிமை உடையதாகின்றது.

சிங்களத்திற் பதிந்த உறவுகள்

சிங்கள வாத்திய மரபின் கலைச்சொற்களை நோக்குவோர்க்குத் தமிழோடு அது கொண்ட நெருக்கம் புலப்படும். தவுலவை வாசிக்கும் கழிக்குச் சிங்களத்திற் கடிப்புவ என்று பெயர். கடிப்பு என்பது சங்கச் செய்யுட்களில் முரசறையும் கோலுக்கு வழங்கிய பெயர். இன்றைய தமிழ் மேளகாரர் அதனைக் கழி என்பரேயன்றிக் கடிப்பு என்னார். பழந்தமிழ்ச் சொல் தமிழர் நாவில் மறைந்து சிங்களக் கலைஞர் நாவில் வாழ்கின்றது. திமிலை என்னும் முழவுப் பெயர் தமிழ்நாட்டில் அருகிக் கேரளத்து வாத்தியங்களில் வாழ்தலும் இத்தகையதே. பழஞ்சொற்களைத் தேடுவோர் தம் வீட்டுக்குள் மட்டும் தேடுதல் போதாது. அயலார் வீட்டிலும் தேடவேண்டும் என்பதற்கு இவை சான்றாம்.

கண்டிய மரபின் உடெக்கிய தமிழ் உடுக்கையோடு உறவுடையது. சிங்கள நாடகம எனப்படும் கூத்து வடிவத்தில் முழங்குவது மத்தளய. அதற்குத் தெமள பெரய என்பதும் பெயர். தமிழ்ப் பறை என்பது அதன் நேர்பொருள். 1956 ஆம் ஆண்டு கொழும்பில் மேடையேறிய பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் மனமே நாடகம் இந்நாடகம மரபைத் தழுவி எழுந்து, நவீன சிங்கள அரங்கின் வரலாற்றில் திருப்புமுனை ஆயிற்று. அம்மேடையில் ஒலித்த முழவின் பெயரிலேயே தமிழ்க்கூத்தோடு அம்மரபுக்கிருந்த தொடர்பு பதிந்துள்ளது. கடன் வாங்கியதை மறைக்க விரும்பிய மக்கள் தம் முழவுக்கு இப்பெயரை இட்டிருக்கமாட்டார்.

ஹொரணாவ என்னும் பெயரும் ஆராயத்தக்கது. பாரசீகச் சுர்னாய், துருக்கியச் சூர்னா, ஆந்திரச் சன்னாயி என்னும் குழற்பெயர் வரிசையோடு இதனை இணைக்கலாமா என்னும் வினா எழும். சிங்களத்தில் சகரம் ஹகரமாதல் நன்கறியப்பட்ட மாற்றம். திங்களைக் குறிக்கும் சந்த, ஹந்த என்னும் இருவடிவங்களும் அம்மொழியில் உள. கொட்டாஞ்சேனை என்னும் ஊர்ப்பெயரிலேயே இதனைக் காணலாம். தமிழர் சேனை என்பதைச் சிங்களவர் ஹேன என்பர்; கொட்டாஞ்சேனை சிங்களத்திற் கொட்டஹேன. காடழித்துச் செய்யும் பயிர்நிலத்தைக் குறிக்கும் ஒரே சொல்லே இருமொழியிலும் இவ்வாறு நின்றது. ஆயின் இவ்வொலிமாற்றம் மிகப் பழமையானது. சுர்னாய் என்னும் சொல் ஈழத்தை அடைந்த காலமோ அதற்குப் பிற்பட்டதாதல் வேண்டும். காலம் ஒத்துவராதவழி இதனைக் கருதுகோள் என்ற அளவில் நிறுத்துதலே முறை. தவிலுக்கு ஒரு நீதியும் ஹொரணாவவுக்கு மற்றொரு நீதியும் வழங்குதல் ஆராய்ச்சி ஆகாது.

சட்டம் இட்ட ஒரே பெயர்

இவ்வாறு பல மொழிகளிலும் பல பெயர் பெற்றிருந்த முழவுகள் அனைத்துக்கும் ஆங்கில ஆட்சியாளர் ஒரே பெயரை இட்டனர். அதுவே டொம்-டொம் என்பது. இந்திய மொழிகளில் வழங்கிய ஒலிக்குறிப்புச் சொல்லொன்று ஆங்கிலேயர் வாய்ப்பட்டு 17 ஆம் நூற்றாண்டு முதலாக இவ்வடிவில் வழங்கலாயிற்று. சிங்களத் தம்மெட்டமவும் தமிழ்த் தம்பட்டமும் ஒலியால் இதனை ஒத்தவை. தம்மெட்டம என்பது இரு சிறு முழவுகளைச் சேர்த்துக்கட்டி இரு கோல்களால் வாசிக்கும் தனிக்கருவி. தவுல வேறு, தவில் வேறு, பறை வேறு. இவ்வேறுபாடுகளை அறிய விரும்பாத செவிக்கு எல்லாம் டொம்-டொம் ஆயின. தமிழில் தம்பட்டம் அடித்தல் என்பது தற்பெருமை பேசுதலைக் குறிக்கும். ஆங்கிலேயர்க்கு டொம்-டொம் என்பது பொருளற்ற இரைச்சலைக் குறித்தது.

பெயரளவில் நின்றிருப்பின் இதனாற் கேடொன்றுமில்லை. ஆனால் இச்சொல் சட்டத்தினுள்ளும் புகுந்தது. 1865 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் நகரங்களில் முழவு அடிப்பதை அநுமதிச்சீட்டுக்கு உட்படுத்திற்று. வழிபாட்டின் அங்கமாக முழங்கும் வாத்தியம், தூக்கத்தைக் கலைக்கும் ஓசையோடு ஒரே பிரிவில் வைத்து எண்ணப்பட்டது. தவுல ஒலி புத்தர் பெருமானுக்குச் செய்யும் பூசை என்பதோ, தவில் ஒலி மங்கலம் என்பதோ அச்சட்டத்தின் நோக்கில் இடம்பெறவில்லை.

1883 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையில் நிகழ்ந்தது இப்பின்னணியிலேயே நோக்கத்தக்கது. தீபதுத்தாராமய விகாரையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் தலைமையிற் புண்ணிய நிகழ்ச்சிகள் நடைபெற்றுவந்த காலம் அது. விகாரையை நோக்கி வாத்தியங்களோடு வந்த பௌத்த ஊர்வலமொன்று புனித லூசியா பேராலயத்துக்கு அண்மையிற் கத்தோலிக்கர் சிலரால் வழிமறித்துத் தாக்கப்பட்டது. கலகம் மூண்டது, உயிரிழப்பும் நேர்ந்தது. விசாரணைக் குழு அமைக்கப்பட்டும் பௌத்தர்க்கு மனநிறைவு உண்டாகவில்லை. அவர்தம் முறையீட்டை எடுத்துக்கொண்டு கேணல் ஒல்கொட் 1884 இல் இலண்டன் சென்றார். 1885 இல் வெசாக் பௌர்ணமி பொது விடுமுறை ஆயிற்று. அந்நாளிற் பௌத்தக் கொடி முதன்முதலாக ஏற்றப்பட்ட இடங்களுள் இவ்விகாரையும் ஒன்று. நாட்டின் அரசியல் வரலாற்றிற் பெருந்தடம் பதித்த இந்நிகழ்வுகளின் தொடக்கத்தில் ஒரு தெருவும் சில முழவுகளும் நின்றன.

இதனையொத்த பூசல் பின்னரும் எழுந்தது. கம்பளையிற் பெரகர வாத்தியம் பள்ளிவாசலைக் கடக்கையில் ஒலிக்கலாமா என்பது 1912 இல் எழுந்த பிணக்கு. அது வழக்காகி 1915 இல் உயர் நீதிமன்றம் வரை சென்றது. அவ்வாண்டு மே மாத இறுதியிற் கண்டியில் தொடங்கிய சிங்கள – முஸ்லிம் கலவரம் கொழும்பையும் பற்றிக்கொண்டது. இக்கலவரங்களுக்கு வாணிபப் போட்டியும் மதப் பிரசாரமும் ஆட்சியாளரின் தவறுகளும் காரணங்களாம். முழவின் பெயர் காரணமன்று. ஆயினும் ஒருவனுக்கு வழிபாடாக உள்ள ஒலியை மற்றொருவன் எப்பெயரால் அழைக்கின்றான் என்பது பூசலின் வடிவை வகுத்தது என்பதை மறுத்தல் இயலாது. இரைச்சல் எனப் பெயரிட்டபின் அதனைத் தடுத்தல் எளிது. பூசை எனப் பெயரிட்டபின் அதனைத் தடுத்தல் அரிது.

கருவியின் பெயர் மனிதன்மேல் ஏறுதல்

பெயர் வரலாற்றில் இதனினும் கொடிய பகுதி ஒன்றுண்டு. பறை என்னும் சொல் பழந்தமிழில் தோற்கருவிகளின் பொதுப்பெயர். நிலந்தோறும் தனிப்பறை உண்டு எனத் தொல்காப்பியம் கருப்பொருள்களுள் அதனை வைத்து எண்ணிற்று. பறை என்பதற்குச் சொல்லுதல் என்னும் பொருளும் உண்டு. மலையாளத்திற் பறயுக என்பது இன்றும் பேசுதலைக் குறிக்கும். யாழ்ப்பாணத்து வழக்கிலும் பறைதல் என்றால் பேசுதலேயாம். செய்தியை அறிவிக்கும் கருவி என்ற அளவிற் பறை மிக உயர்ந்த பெயர். அதனை முழக்கியவர்மேல் அப்பெயர் ஏறிப் பரம்பரைக் குலப்பெயராகி, காலப்போக்கில் இழிவுக்கு அடையாளமாக்கப்பட்டது. போர்த்துக்கேயரும் அவர்வழி வந்த ஐரோப்பியரும் அச்சொல்லைத் தம் நாடுகளுக்குக் கொண்டுசென்றனர். இன்று ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் முதலிய மொழிகளில் அது சமூகத்தால் ஒதுக்கப்பட்டவன் என்னும் பொருளில் வழங்குகின்றது. தமிழ் உலகமொழிகளுக்கு வழங்கிய சொற்களை எண்ணிப் பெருமைப்படுவோர் இச்சொல்லையும் அவ்வரிசையில் வைத்து எண்ணுதல் வேண்டும்.

சிங்களத்திலும் இதுவே நிகழ்ந்தது. வடமொழிப் பேரி என்பதிலிருந்து வந்த பெரய என்னும் முழவுப் பெயர், அதனை முழக்கியோரின் குலப்பெயராகிப் பெரவா என நின்றது. விகாரையின் பூசைக்கு இன்றியமையாத கலையைப் பேணிய மக்கள், அக்கலையின் பெயராலேயே சமூகப் படியிற் கீழே நிறுத்தப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் தவில் கோயிலுக்கும் மணவினைக்கும் உரியதாக, பறை சாவீட்டுக்கு உரியதாக ஒதுக்கப்பட்டது. மரமும் தோலும் வேறல்ல. கையும் கழியும் வேறல்ல. பெயர் வேறானமையால் மதிப்பும் வேறாயிற்று. பிறமொழியிலிருந்து வந்து சேர்ந்த தவில் என்னும் பெயர் மங்கலம் ஆயிற்று. தமிழ் தோன்றிய நாள்தொட்டு வழங்கிய பறை என்னும் பெயர் அமங்கலம் ஆயிற்று. தூய தமிழ்ப் பெயரென்னும் தகுதி அதனைக் காப்பாற்றவில்லை. ஒரு சொல்லின் மதிப்பை அதன் பிறப்பு வகுப்பதில்லை, அதனை வழங்கும் சமுதாயமே வகுக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சமுதாயம் வகுத்ததைச் சமுதாயம் மாற்றவும் கூடும். 20 ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி முதலாகத் தமிழகத்தில் பறை சமத்துவத்தின் குரலாக மீட்கப்பட்டது. மேடைகளிலும் கல்லூரிகளிலும் ஆண்களும் பெண்களும் அதனைக் கற்று ஆடுகின்றனர். பறையிசைக் கலைஞர் மதுரை வேலு ஆசானுக்கு 2025 ஆம் ஆண்டு இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பெயர் மாற்றப்படவில்லை, அதன்மேற் படிந்த இழிவே துடைக்கப்படலாயிற்று.

முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிபு யாது? தவில் என்னும் பெயரும் தவுல என்னும் பெயரும் மேற்காசியத் தொடர்புடைய ஒரே சொற்குடும்பத்தைச் சேர்ந்தவை எனக் கொள்வதற்குத் தக்க சான்றுகள் உள. ஆதலின் தவுல என்ற பெயரைக் காட்டித் தமிழர் சிங்களவரின் முழவுக்கு உரிமை கோருதலும், தவில் என்ற பெயரைக் காட்டித் தமிழர் முழவை அந்நியம் என ஒதுக்குதலும் ஒருசேரப் பொருளற்றவை. பெயர் வந்த வழி வேறு. கருவி வளர்ந்த வழி வேறு. வந்த பெயரைத் தாங்கி நின்ற கருவியில் இணுவிலிலும் அளவெட்டியிலும் தஞ்சையிலும் தலைமுறை தலைமுறையாகக் கலைஞர் வளர்த்த இலயக்கலை அவர்தம் உழைப்பின் பேறு. சப்பிரகமுவையில் தவுலவின் தாளங்களை வளர்த்தோர்க்கும் இது பொருந்தும். பெயரின் மூலம் எதுவாயினும் அவ்வுழைப்பிற் பங்கு கோர எவர்க்கும் இடமில்லை.

சொல்லாராய்ச்சி உரிமைப்பத்திரம் எழுதும் தொழிலன்று. மக்கள் எங்கே சந்தித்தனர், எதனைப் பெற்றனர், எதனைக் கொடுத்தனர் என்பவற்றைச் சொற்கள் காட்டும். யார் உயர்ந்தோர் என்பதை அவை காட்டமாட்டா. கடிப்பு என்னும் சங்கச்சொல்லைச் சிங்களக் கலைஞன் காத்துவந்தான்; டவுல் என்னும் மேற்காசியச் சொல்லைத் தமிழ்க் கலைஞன் மங்கலமாக்கினான்; தமிழ் முழவொன்றைச் சிங்களக் கூத்தர் அப்பெயராலேயே போற்றினர். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அருகருகே வாழும் மக்கள் ஒருவர் முழவை ஒருவர் இரைச்சல் எனக் கொள்ளாது அதற்குரிய பெயரால் அறிந்து அழைப்பாராயின், 1883 ஆம் ஆண்டு அத்தெருக்களுக்கு எட்டாதுபோன அறிவு இனியேனும் எட்டியதாகும்.